வளர்ப்புப் பாம்பின் எடை: மலையகத்தில் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டி முதல் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை வரை உரிய அனுமதியோடு பால் பைத்தான் (ball python, பந்தாகச் சுருளும் சிறு மலைப்பாம்பு), கோர்ன் ஸ்நேக் (corn snake, சோளப் பாம்பு) ஆகிய இரு வகைப் பாம்புகளை வளர்ப்போரை மனத்தில் வைத்து இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. வெளிநாட்டுக் கையேடுகளில் உள்ள உணவு அட்டவணைகள், பாம்பின் கூடு போதிய சூட்டில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நமது மலைப்பகுதியில் அந்த எடுகோள் பல வீடுகளில் பொருந்துவதில்லை. ஆகவே எடையைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லும்போது வெப்பநிலையைப் பற்றியும் திரும்பத் திரும்பப் பேச வேண்டியுள்ளது.

என் பாம்பு எத்தனை கிராம் இருந்தால் சரியான எடை?

ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது. முட்டையிலிருந்து வெளிவந்த பால் பைத்தான் குட்டி ஏறத்தாழ 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். வளர்ந்த ஆண் 1000 கிராமைத் தாண்டி நிற்கும். வளர்ந்த பெண் 1500 கிராமுக்கு மேலேயும், சில வேளைகளில் 2000 கிராமுக்கு மேலேயும் போகும். கோர்ன் ஸ்நேக் குட்டி ஒன்று பத்துக் கிராமைக்கூட எட்டாது. வளர்ந்த பின்னரும் பெரும்பாலானவை ஒரு கிலோவுக்கு மிகவும் கீழேதான் நிற்கும். இந்த வீச்சு பெரிது என்பதால், ஒரே வயதுடைய இரண்டு பாம்புகள் வெவ்வேறு எடையில் இருந்தும் இரண்டுமே நலமாக இருக்கலாம். நண்பருடைய பாம்பின் எடையோடு உங்களுடையதை ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை. அதே பாம்பின் சென்ற மாத எடையும், கையில் எடுக்கும்போது தெரியும் அதன் உடல் வடிவமும்தான் ஒப்பீட்டுக்கு உரியவை.

தராசு இல்லாமல், பார்த்தும் தொட்டும் எவ்வாறு கணிப்பது?

பாம்பைக் கையில் எடுத்து, உடலின் நடுப்பகுதியில் முதுகெலும்பின் மேல் பெருவிரலை வைத்து, மற்ற விரல்களால் விலாவை மெல்லத் தாங்கி, தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகத் தடவிப் பாருங்கள். நலமான பால் பைத்தானில் முதுகெலும்பு இருப்பது விரலுக்குத் தெரியும், ஆனால் கூர்மையாகக் குத்தாது. அதன் இரு புறமும் தசை நிறைந்து சரிந்து இறங்கும். குறுக்காக வெட்டிப் பார்ப்பதாகக் கற்பனை செய்தால், மூலைகள் மழுங்கிய முக்கோணம் ஒன்று மனத்தில் வர வேண்டும். கோர்ன் ஸ்நேக்கின் குறுக்குவெட்டு, அடி தட்டையாகவும் மேல் வளைவாகவும் உள்ள ஒரு துண்டுப் பாணைப் போல இருக்கும்.

மெலிந்த பாம்பில் முதுகெலும்பு வரம்பாக எழுந்து நிற்கும், இரு பக்கத் தசையும் உள்வாங்கியிருக்கும், வளையும்போது விலா எலும்புகளின் வரிசை தோலுக்கு அடியில் தெரியும். வாலின் அடிப்பகுதி, அதாவது கழிவுத் துவாரத்துக்குப் பின்னால் உள்ள பகுதி, திடீரென ஒடுங்கி எலும்பாகத் தெரிந்தால் மெலிவு நெடுநாளானது என்று கொள்ளலாம்.

பருத்த பாம்பில் இதற்கு எதிர்மாறாக, முதுகெலும்பு ஒரு பள்ளத்துக்குள் அமிழ்ந்து, இரு பக்கமும் மேடாக இருக்கும். உடல் முழுவதும் உருண்டையாகிவிடும். உணவு உட்கொள்ளாத நாட்களிலும், உடல் நேராக இருக்கும்போதே, செதில்களுக்கு இடையில் தோல் தெரியும். கழிவுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் இரு பக்கமும் கொழுப்பு புடைத்திருக்கும். உடலை இறுக்கமாக வளைக்கும்போது தோலில் மடிப்புகள் விழும். பாம்பின் கொழுப்பில் பெரும் பகுதி தோலின் கீழன்றி வயிற்றறைக்குள் நீண்ட கொழுப்புப் பட்டைகளாகச் சேர்வதால், வெளியே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பருத்துவிட்ட பாம்பின் உள்ளே அதைவிட அதிகமாகவே சேர்ந்திருக்கும். ஈரலில் கொழுப்பு படிவது நெடுங்காலம் மிகையாக உண்ட பாம்புகளில் காணப்படும் நோய். வெளியே அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

உணவு உண்ட முதல் சில நாட்களில் இவற்றில் எதையும் கணிக்க வேண்டாம். வயிற்றில் இரையோடு இருக்கும் பாம்பைத் தொட்டுத் தடவுவதே தவறு. குறைந்தது இரண்டு நாட்கள் அதைக் கையில் எடுக்கக் கூடாது.

தேயிலை மலையில் காணும் சாரைப்பாம்பு ஒல்லியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் என் பைத்தான் பருத்துவிட்டதா?

இல்லை. சாரை ஓடித் திரிந்து வேட்டையாடும் பாம்பு. நீண்டு மெலிந்திருப்பது அதன் உடலமைப்பு. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆபிரிக்காவில் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் தங்கி, ஓரிடத்தில் காத்திருந்து இரை பிடிக்கும் குட்டையான, தடித்த பாம்பு. மரத்தில் வாழும் பாம்புகளோ இயல்பிலேயே பக்கவாட்டில் ஒடுங்கியவை. அவற்றில் முதுகு எழுந்து தெரிவதை மெலிவு என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் இனத்தின் அளவுகோலை இன்னோர் இனத்துக்குப் போடுவதால்தான் நல்ல நிலையில் உள்ள பல பாம்புகள் பட்டினி போடப்படுகின்றன.

அப்படியானால் அந்தச் சாரையையோ வேறொரு பாம்பையோ பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இந்நாட்டுக் காட்டுயிர்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகின்றன. கொழுந்து பறிக்கும் மலையிலோ லயத்துக் கூரையிலோ பாம்பைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தெரிவிப்பதே முறை. பால் பைத்தான், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம் என்பதால், நாடு விட்டு நாடு வந்த பாம்புக்குரிய பத்திரங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எடையை எவ்வாறு, எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது?

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியொன்றைத் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பின்னர் பாம்பை அதனுள் விட்டு நிறுக்க வேண்டும். பாம்பு அசைவதால் எண் ஏறி இறங்கும். சற்றுப் பொறுத்தால் ஒரு நிலைக்கு வரும். சமையலறையில் மா நிறுக்கும் தராசை இதற்கு எடுக்க வேண்டாம். ஊர்வனவற்றின் குடலில் சல்மோனெல்லா கிருமி இருப்பது சாதாரணம்; தராசும் பெட்டியும் பாம்புக்கென்றே தனியாக இருக்க வேண்டும், நிறுத்த பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

குட்டிகளை இரண்டு கிழமைக்கு ஒரு முறையும், வளர்ந்தவற்றை மாதத்துக்கு ஒரு முறையும் நிறுத்தால் போதும். உணவு கொடுப்பதற்கு முன்பாக, இயன்றால் மலம் கழித்த பின்பாக, எப்போதும் அதே ஒழுங்கில் நிறுக்க வேண்டும். பால் பைத்தான் பல கிழமைகளின் கழிவை ஒரே முறையில் வெளியேற்றக்கூடியது. அந்த ஒரு நாளில் மட்டும் எடை சட்டென்று இறங்கியதைப் பார்த்துப் பதறுவோர் உண்டு. ஒரு கொப்பியில் திகதி, எடை, கொடுத்த இரையின் எடை, உண்டதா இல்லையா, தோல் உரித்த நாள், மலம் கழித்த நாள், கூட்டின் சூடான பக்கத்து வெப்பநிலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். கடைசியாகச் சொன்ன வெப்பநிலைப் பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மலையகத்தில் அதுவே முதற்பத்தியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நுவரெலியாக் குளிருக்கும் பாம்பின் எடைக்கும் என்ன தொடர்பு?

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. இரையை விழுங்கிய பின் அதைச் செரிப்பதற்குப் பைத்தானின் உடல் ஓய்வு நிலையைவிடப் பல மடங்கு வேகத்தில் இயங்க வேண்டும். குடலும் ஈரலும்கூட அந்நாட்களில் பருத்து, வேலை முடிந்த பின் சுருங்குகின்றன. இத்தனைக்கும் சூடு தேவை. பால் பைத்தானின் கூட்டில் சூடான பக்கம் ஏறத்தாழ 31 முதல் 33 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 பாகை வரை இருப்பது நல்லது. கோர்ன் ஸ்நேக் சற்றுக் குறைந்த சூட்டைத் தாங்கும். அதற்குச் சூடான பக்கம் 29 முதல் 31 பாகை வரை போதும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் பகற்பொழுது இதற்கு ஓரளவு துணை செய்யும். 1800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான் உள்ளது. தை, மாசி மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும் இரவுகளும் வரும். ஹட்டனும் பண்டாரவளையும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. அறை 15 பாகையில் இருக்கும்போது, கூட்டின் அடியில் வைத்த வெப்பப் பாய் பாம்பின் வயிற்றைச் சுடுமே தவிர, அது மூச்சு விடும் காற்றைச் சூடாக்காது. அதன் விளைவு இரண்டு விதமாக வரும். சூடு மிகவும் குறைந்தால் பாம்பு இரையை மறுக்கும், அல்லது விழுங்கிய இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகத் தொடங்கி, சில நாட்களில் துர்நாற்றத்தோடு வெளியே வரும், எடை இறங்கும். சூடு சற்று மட்டும் குறைவாக இருந்தால் உண்ணும், செரிக்கும், ஆனால் அசைவும் சக்திச் செலவும் குறைந்திருக்கும். சூடான நாட்டுக்கு எழுதிய அட்டவணைப்படி உணவு கொடுத்தால் மெல்ல மெல்லக் கொழுக்கும். ஆக, மெலிவுக்கும் பருமனுக்கும் குளிரே காரணமாகலாம். இரையின் அளவை மாற்றுவதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள்.

கண்ணாடித் தொட்டியும் கம்பி வலை மூடியும் மலைநாட்டுக்கு ஏற்றவை அல்ல, சூடு நிற்காது. பலகையில் அல்லது தடித்த பிளாஸ்டிக்கில் செய்த, முன்பக்கம் திறக்கும் கூடு நல்லது. பின்புறத்திலும் பக்கங்களிலும் வெளியிலிருந்து ரிஜிபோம் அட்டை ஒட்டினால் இழப்பு நன்றாகக் குறையும். ஒளி தராத செராமிக் வெப்பக் குமிழை மேலே பொருத்தி, பாம்பு தொடாதபடி கம்பிக் கூண்டால் மறைத்து, வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாக இயக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத எந்த வெப்பக் கருவியும் பாம்பைச் சுடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். மூடுபனிக் காலத்தில் வெளியே ஈரம் மிகுந்திருந்தாலும், சூடாக்கிய கூட்டினுள் காற்று வறண்டுபோகக்கூடும். பால் பைத்தானுக்கு 55 முதல் 70 வீதம் வரை ஈரப்பதன் தேவை என்பதால் அதையும் அளக்க வேண்டும். ஆனால் குளிர்ந்து நனைந்த படுக்கை அதைவிடக் கேடானது. மூச்சுத் தொற்றும் வயிற்றுச் செதில் அழுகலும் அதிலிருந்துதான் தொடங்கும்.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வளவு இல்லாவிட்டாலும், மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பி அறுந்தால் தோட்டப் பகுதிகளில் ஓர் இரவு முழுவதும் இருட்டிலிருப்பது புதிதல்ல. சுடுதண்ணீர்ப் போத்தல்களைத் துவாயில் சுற்றிக் கூட்டினுள் ஒரு பக்கமாக வைத்து, கூட்டின் மேல் கம்பளி போர்த்துங்கள். காற்றுப் போகச் சிறு இடைவெளி இருக்கட்டும். வெறும் வயிற்றோடுள்ள பாம்பு ஓர் இரவுக் குளிரைத் தாங்கும். இரை வயிற்றிலுள்ள பாம்புக்குத்தான் ஆபத்து. ஆகவே புயல் எச்சரிக்கையோ அறிவிக்கப்பட்ட மின்வெட்டோ இருக்கும் நாட்களில் உணவைத் தள்ளிப் போடுங்கள். ஒரு கிழமை பிந்துவதால் எந்தப் பைத்தானும் மெலிந்துவிடாது.

எவ்வளவு உணவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை?

இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் பருமனுக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கலாம். எடைக் கணக்கில், வளரும் குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 வீதம் வரை, ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒரு முறை. 200 கிராம் குட்டிக்கு 20 முதல் 30 கிராம் வரையுள்ள எலி. வளர்ந்த பின் இந்த வீதம் ஏறத்தாழ ஐந்தாக இறங்கும். 1500 கிராம் பால் பைத்தானுக்கு 75 கிராம் இரை, இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒரு முறை. வளர்ந்த கோர்ன் ஸ்நேக்குக்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள். வளர்ப்புப் பாம்புகள் பருப்பதற்கு முதற்காரணம், குட்டிக் காலத்து அட்டவணையை வளர்ந்த பிறகும் மாற்றாமல் விடுவதுதான். பசியோடு தலையை நீட்டி வருகிறது என்பதற்காகக் கொடுக்க வேண்டாம். இரை எப்போது கிட்டும் என்று தெரியாத காட்டில் வாழப் பழகிய உயிர், கிடைத்த போதெல்லாம் உண்ணவே செய்யும்.

வீட்டில் அல்லது தோட்டத்தில் பிடித்த எலியைக் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. எலிப்பாஷாணம் தின்ற எலியைப் பார்த்து அடையாளம் காண முடியாது. அந்த நஞ்சு பாம்பையும் கொல்லக்கூடும். குடற்புழுக்களும் பாம்புக்குத் தொற்றும். பிடிக்கும் உங்களுக்கோ எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. உணவுக்கென்றே வளர்த்து, உறையவைத்த எலியே தகுந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து உருகவிட்டு, பின்னர் பிளாஸ்டிக் பையோடு சுடுநீரில் இட்டு, தொட்டால் உயிருள்ள எலியின் சூட்டுக்கு, அதாவது 38 பாகை அளவுக்கு, வந்த பின் நீண்ட இடுக்கியால் கொடுக்க வேண்டும். நுவரெலியாவில் அது இரண்டு நிமிடத்தில் மீண்டும் ஆறிவிடும் என்பதால் எலியின் தலையைக் கடைசியில் ஒரு முறை சூடாக்குவது பலன் தரும். பைத்தான் இரையைச் சூட்டைக் கொண்டே குறிபார்க்கிறது. பொரித்து ஒரு நாளான கோழிக்குஞ்சு எளிதாகக் கிடைக்கும் இடங்களில் அதை இடைக்கிடை கொடுக்கலாம், ஆனால் அதையே முழு உணவாக்க வேண்டாம்.

பாம்பு மாதக்கணக்கில் சாப்பிட மறுக்கிறது. மெலிந்து சாகுமா?

பால் பைத்தானுக்கு இது பெயர்பெற்ற குணம். இனப்பெருக்கக் காலத்தில் வளர்ந்த ஆண்கள் சில மாதங்கள் உண்ணாமலிருப்பது வழக்கம். இந்நேரத்தில்தான் கொப்பி உதவும். 1450 கிராமாக இருந்த பாம்பு மூன்று மாதத்தில் 1340 கிராமாக இறங்கியிருந்தால் இழப்பு எட்டு வீதத்துக்குச் சற்றுக் குறைவு. உடல் வடிவம் நன்றாயிருந்து, மூச்சும் தெளிவாயிருந்தால் பொறுத்திருக்கலாம். இழப்பு பத்து வீதத்தைத் தாண்டினால், அல்லது அதே அளவு இழப்பு இரண்டொரு கிழமைக்குள் நேர்ந்தால், வைத்தியரிடம் காட்டுங்கள். குட்டிகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. அவற்றிடம் சேமிப்பு இல்லை. மறுக்கும் பாம்புக்கு ஒவ்வொரு நாளும் இரையை நீட்டிக்கொண்டிருப்பது அதை மேலும் அச்சுறுத்தும். பத்து நாட்களுக்கு ஒரு முறை முயன்றால் போதும். இடைப்பட்ட நாட்களில் சூட்டையும், இரு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் உண்டா என்பதையும் சரிபாருங்கள்.

பருத்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால்?

அடியோடு பட்டினி போட வேண்டாம். இரையின் எடையைச் சற்றுக் குறைத்து, இடைவெளியை ஒவ்வொரு கிழமையாகக் கூட்டி, எடை மாதத்துக்கு மாதம் மெதுவாக இறங்கும்படி செய்யுங்கள். சேர்வதற்குப் பல ஆண்டுகள் எடுத்த கொழுப்பு கரைவதற்கும் ஓராண்டு எடுக்கலாம். கூட்டை நீளமாக்கி, தடித்த கிளைகளைக் குறுக்கே பொருத்தினால் பால் பைத்தானும் இரவில் ஏறி இறங்கும். கோர்ன் ஸ்நேக் இன்னும் கூடுதலாக ஏறும்.

பெண் பாம்பின் பின்பாதி மட்டும் பெருத்திருந்தால் கொழுப்பு என்று முடிவுகட்டுவதற்கு முன், முட்டை உருவாகிறதா என்பதை வைத்தியர் பார்க்க வேண்டும்.

மிகவும் மெலிந்த பாம்பு ஒன்று கையில் வந்துள்ளது. உடனே நன்றாக ஊட்டலாமா?

முதலில் சூடு, அடுத்து நீர், அதன் பின்னரே உணவு. கண் உள்வாங்கி, தோல் சுருங்கி மடிந்திருந்தால் நீரிழப்பு உண்டு; குடிக்கப் பெரிய பாத்திரமொன்றில் தண்ணீர் வைத்து, கூட்டைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து, சில நாட்கள் தொந்தரவின்றி விடுங்கள். முதலிரை வழக்கமான அளவில் பாதியாகவோ அதற்கும் சிறிதாகவோ இருக்கட்டும். நெடும்பட்டினிக்குப் பின் பெரிய இரை ஒன்றைத் திணிப்பது உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்துக் கொன்றுவிடவும் கூடும். இரையை வெளியே தள்ளினால் பத்து முதல் பதினான்கு நாட்கள் எதையும் கொடுக்காமல், அடுத்த முறை இன்னும் சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

சூடு சரியாக இருந்தும் இரை மீண்டும் மீண்டும் வெளியே வந்து, உடலின் நடுப்பகுதியில் கட்டி போல வீக்கம் தெரிந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை ஐயுற வேண்டும். அத்தகைய பாம்பை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, அதன் பாத்திரங்களையும் இடுக்கியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்நிலையில் வைத்தியரிடம் கொண்டுபோவது? எவ்வாறு கொண்டுபோவது?

மேலே சொன்ன பத்து வீத இழப்பு, தொடர்ந்து இரை வெளியேறுதல், வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் நுரை, வாயினுள் சீழ், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பிரதேச அரச கால்நடை வைத்தியர் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய்களையே பார்ப்பவர். அவரிடம் கேட்டால் எங்கே அனுப்புவது என்று சொல்வார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்துடன் இணைந்த போதனா வைத்தியசாலை மலையகத்தாருக்கு அருகிலுள்ளது. பாம்பு என்று முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவித்துவிட்டுப் போவது நல்லது.

பாம்பைப் பருத்தித் துணிப்பையில் இட்டு வாயைக் கட்டி, ஓரத்தில் துளையிட்ட ரிஜிபோம் பெட்டிக்குள் வையுங்கள். துணியில் சுற்றிய வெதுவெதுப்பான போத்தல் ஒன்றைப் பைக்கு அருகில், அதைத் தொடாதபடி வைத்தால், நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கீழிறங்கும் வரை சூடு தாங்கும். அன்று காலை கிடைத்த புதிய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், கொப்பியையும் கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது கூட்டின் வெப்பநிலையையும் கடைசியாக இரை எடுத்த திகதியையும்தான்.